விளையாட்டுச் சங்கங்களுக்கான டிஃபிப்ரிலேட்டர் மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர் விளையாட்டுச் சங்கங்களும் பொது மைதானங்களை நடத்துவோரும் உயிர்காக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை வாங்குவதற்குப் பல நாடுகளில் அரசு மானியம் கிடைக்கிறது. அதற்கு விண்ணப்பிக்க முன்வரும் நிர்வாகிகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தகுதி, தொகை, கடைசித் தேதி ஆகியவை திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும் என்பதால், உங்கள் பகுதியில் நடப்பில் உள்ள திட்டத்தின் விதிமுறைகளை முதலில் முழுமையாகப் படித்துவிட்டு, அதன் பிறகு இந்தப் பதில்களைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஃபிப்ரிலேட்டர் என்றால் என்ன? மாரடைப்பு வந்தவருக்கு அதைப் பயன்படுத்தலாமா?

மாரடைப்பும் திடீர் இதய நிறுத்தமும் ஒன்றல்ல. இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. அப்போது பெரும்பாலும் நெஞ்சு வலிக்கும், வியர்க்கும், ஆனால் அந்த நபர் நினைவோடு பேசிக்கொண்டிருக்கலாம். இதய நிறுத்தத்தில் இதயத்தின் மின்னோட்டம் ஒழுங்கு குலைந்து, தசை வெறுமனே நடுங்குகிறது. இரத்தம் மூளைக்குப் போவது நின்றுவிடுகிறது. ஆள் சில நொடிகளில் நினைவிழந்து சரிகிறார். மாரடைப்பு இந்த நிலையில் போய் முடியக்கூடும் என்றாலும், டிஃபிப்ரிலேட்டர் தேவைப்படுவது இரண்டாவது நிலையில்தான். அது ஒரு கணக்கிட்ட மின்னதிர்வைச் செலுத்தி அந்த நடுக்கத்தை நிறுத்துகிறது, இதயம் தன் இயல்பான தாளத்தை மீண்டும் பிடிப்பதற்கு வாய்ப்புத் தருகிறது.

மானியத் திட்டங்களில் குறிப்பிடப்படுவது ஏ.இ.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தானியங்கி வகைக் கருவி. மருத்துவர் பிராங்க் பான்ட்ரிட்ஜ் 1965-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆம்புலன்சில் கொண்டுசெல்லும்படி உருவாக்கிய முதல் கருவி ஏறத்தாழ 70 கிலோ எடை இருந்தது. இன்றைய ஏ.இ.டி.யை ஒரு பள்ளிச் சிறுவன் ஒரு கையில் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். மருத்துவம் படித்தவர் அருகில் இல்லாத இடத்துக்கென்றே அது வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

விளையாட்டு மைதானங்களுக்கு இதை ஏன் முக்கியமாகக் கருதுகிறார்கள்?

2003 ஜூன் 26 அன்று பிரான்சின் லியோன் நகரில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை கால்பந்து அரையிறுதியில் கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோ மைதானத்தின் நடுவே விழுந்தார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. 2012 மார்ச் 17 அன்று லண்டனில் ஆடிக்கொண்டிருந்த ஃபேப்ரிஸ் முவாம்பாவின் இதயம் 78 நிமிடம் செயலற்றுக் கிடந்தபோதும், உதவி உடனே தொடங்கி இடைவிடாமல் தொடர்ந்ததால் அவர் பிழைத்தார். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் பின்லாந்துக்கு எதிராக ஆடிய டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மைதானத்திலேயே மின்னதிர்வு கொடுக்கப்பட்டது. அவர் மறு ஆண்டே தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பினார்.

பெரிய அரங்குகளில் மருத்துவக் குழு கோட்டோரத்தில் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலை ஆட்டத்துக்கு அப்படி யாரும் வருவதில்லை. அங்கே ஆடுபவர்களைப் போலவே, ஆட்டம் பார்க்க வந்த தாத்தா, ஐம்பது வயதைக் கடந்த நடுவர், கொடிக்கம்பம் நடும் தன்னார்வலர் ஆகியோருக்கும் ஆபத்து வரலாம். நோய் ஏதுமில்லாத இளம் ஆட்டக்காரருக்கும் பந்தோ மோதலோ நெஞ்சில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் பலமாகப் பட்டால் இதயம் தாளம் தப்பிவிடக்கூடும். 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லினுக்கு நேர்ந்தது அதுதான்.

நேரக் கணக்கு கடுமையானது. சி.பி.ஆர். எனப்படும் நெஞ்சழுத்தமும் மின்னதிர்வும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. எவ்வளவு வேகமான ஆம்புலன்ஸ் சேவைக்கும் சில நிமிடங்கள் பிடிக்கும். மானியம் வழங்கும் அரசு அந்தச் சில நிமிடங்களை மனத்தில் வைத்தே வழங்குகிறது. உங்கள் விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியும் அந்த நிமிடங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கும் அதுவே காரணம்.

எந்தெந்த வடிவங்களில் இந்த உதவி கிடைக்கிறது?

சில திட்டங்களில் அரசு செலவின் ஒரு பகுதியைத் தருகிறது, மீதியைச் சங்கம் போட வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் விளையாட்டுச் சங்கங்களுக்கென்று நடத்திய திட்டம் இந்த வகை. பிரிட்டன் அரசு 2023-ல் சமூக இடங்களுக்காக அறிவித்த நிதியிலும் விண்ணப்பிப்போரின் பங்களிப்பு எதிர்பார்க்கப்பட்டது. வேறு சில திட்டங்கள் பணம் தராமல் கருவி, பயிற்சி, சில ஆண்டுகளுக்கான பராமரிப்பு ஆகியவற்றை ஒரே தொகுப்பாக வழங்குகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் தன் சங்கங்களுக்குச் செய்தது இதை ஒத்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அமையுமானால், தொகுப்பாகக் கிடைப்பதையே நான் பரிந்துரைப்பேன். சிறிய சங்கங்கள் தடுமாறுவது கருவி வாங்கும் நாளில் அல்ல, நான்காம் ஆண்டில் பேட்டரி தீரும் நாளில்.

சில இடங்களில் இது சட்டக் கடமையாகவும் மாறிவருகிறது. தெற்கு ஆஸ்திரேலியா 2022-ல் இயற்றிய சட்டம் பொதுக் கட்டடங்களோடு விளையாட்டு வளாகங்களையும் உள்ளடக்கியது. உங்கள் பகுதியில் அத்தகைய சட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மானியம் கிடைக்காவிட்டாலும் கருவி வைக்க வேண்டிய பொறுப்பு உங்களுக்கு இருக்கும்.

யார் விண்ணப்பிக்கலாம்?

இலாப நோக்கமற்ற, முறையாகப் பதிவு பெற்ற சங்கமாக இருப்பது ஏறக்குறைய எல்லாத் திட்டங்களிலும் அடிப்படை நிபந்தனையாகும். சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கும், நடப்பிலுள்ள பொறுப்புக் காப்பீடும், கணக்குத் தணிக்கை ஆவணமும் கேட்கப்படலாம். உள்ளாட்சி மன்றங்களும் பொது மைதானங்களை நிர்வகிக்கும் குழுக்களும் சில திட்டங்களில் தகுதி பெறுகின்றன. உங்கள் குழு இன்னும் பதிவு பெறவில்லை என்றால், பதிவு பெற்ற ஒரு தாய் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க இடமுண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரே மைதானத்தை நான்கு சங்கங்கள் பகிர்ந்துகொள்கின்றன. நால்வரும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பிப்பதை விதிமுறை தடுக்காமல் இருக்கலாம், ஆனால் அது அறிவுடைமை ஆகாது. ஒரே கட்டடத்துக்கு நான்கு விண்ணப்பங்கள் வந்தால் மதிப்பீட்டாளருக்குச் சங்கங்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை என்பது மட்டுமே தெரியவரும். நால்வரும் கூடி ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். கருவி யார் பெயரில் இருக்கும், மாதந்தோறும் யார் சோதிப்பார்கள், மாற்று உறுப்புகளின் செலவை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நான்கு தலைவர்களும் கையொப்பமிட்டு இணையுங்கள். குளிர்காலத்தில் ஒரு விளையாட்டு, கோடையில் இன்னொன்று என்று மாறிமாறி நடக்கும் மைதானங்களில், பருவம் முடிந்த சங்கம் கருவியைத் தன் சாமான்களோடு எடுத்துச் சென்றுவிடக் கூடாது என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கிய கருவிக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா?

பொதுவாகக் கிடைக்காது. அனுமதிக் கடிதம் கைக்கு வருமுன் வாங்கியதற்குப் பெரும்பாலான திட்டங்கள் பணம் தருவதில்லை. ஆகையால் அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள்.

மானியத்தில் எவையெல்லாம் அடங்கும்?

கருவி, அதற்கான சுவர்ப்பெட்டி, அறிவிப்புப் பலகை, பயிற்சி ஆகியவை வழக்கமாக அடங்கும். சில திட்டங்கள் கருவிக்கு மட்டுமே பணம் தருகின்றன. நெஞ்சில் ஒட்டும் பேட்களும் பேட்டரியும் காலாவதியாகக்கூடியவை. பேட்களில் உள்ள பசை காய்ந்துபோவதால் அவற்றை ஏறத்தாழ இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒருபோதும் பயன்படுத்தாவிட்டாலும், மாற்ற வேண்டியிருக்கும். மானியம் இந்தச் செலவை ஏற்காத இடத்தில், சங்கத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்கிப் பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அந்தத் தீர்மானத்தின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்தால், உங்கள் சங்கம் நீண்ட காலத்துக்கு யோசித்திருக்கிறது என்பதற்கு அதுவே சான்றாகும்.

விண்ணப்பத்தில் என்ன எழுதினால் நல்ல மதிப்பீடு கிடைக்கும்?

விண்ணப்பங்களில் பெரும்பாலும் காணக்கூடியது இதயநோய் பற்றிய பொதுவான கட்டுரை. மதிப்பீட்டாளருக்கு அது தேவையில்லை, அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். அவருக்குத் தெரியாதது உங்கள் மைதானம். வாரத்துக்கு எத்தனை பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள், அவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், எத்தனை மாலைகளில் விளக்கு வெளிச்சத்தில் பயிற்சி நடக்கிறது, அருகிலுள்ள மருத்துவமனையும் ஆம்புலன்ஸ் நிலையமும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, பொதுமக்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வேறு டிஃபிப்ரிலேட்டர் நடந்துபோகும் தொலைவில் உண்டா என்பவற்றைச் சொல்லுங்கள். எண்களைக் குத்துமதிப்பாக எழுதாமல், உறுப்பினர் பதிவேட்டையும் ஆட்ட அட்டவணையையும் பார்த்து எழுதுங்கள். மைதானத்தின் வாயில் ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு எளிதில் புலப்படாத சந்தில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

அடுத்து, ஒரு காட்சியை நேரக் கணக்கோடு எழுதிக் காட்டுங்கள். மைதானத்தின் கடைக்கோடியில் ஒருவர் விழுகிறார். யார் அவசர எண்ணை அழைப்பார், யார் நெஞ்சழுத்தத்தைத் தொடங்குவார், யார் கருவியை எடுக்க ஓடுவார், யார் வாயிலில் நின்று ஆம்புலன்சுக்கு வழிகாட்டுவார் என்று நான்கு வாக்கியங்களில் சொன்னால் போதும். இதை எழுத உட்காரும்போதுதான் பல சங்கங்களுக்குத் தங்களிடம் அப்படியொரு ஏற்பாடே இல்லை என்பது தெரியவருகிறது. மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த நான்கு வாக்கியங்களைச் சங்கத்தின் சுவரில் ஒட்டி வையுங்கள்.

விலைப்புள்ளிகளைப் பற்றியும் ஒரு சொல். இரண்டு அல்லது மூன்று விற்பனையாளர்களிடம் கேட்டு வாங்கும்போது, கருவியின் விலையோடு பேட்டரி, பேட் ஆகியவற்றின் விலையையும் அவற்றை மாற்றவேண்டிய கால இடைவெளியையும் எழுதித் தரச் சொல்லுங்கள். முதல் நாளில் மலிவாகத் தெரியும் கருவி எட்டு ஆண்டுக் கணக்கில் அதிக விலையுள்ளதாக ஆகிவிடலாம்.

எந்த மாதிரியைத் தேர்வு செய்வது?

பல திட்டங்கள் அங்கீகரிக்கப்பட்ட கருவிகளின் பட்டியலைத் தாங்களே தருகின்றன. அதற்கு வெளியே வாங்கினால் பணம் மறுக்கப்படலாம். பட்டியலுக்குள் தேர்வு செய்யும்போது தூசியும் நீரும் புகாத தன்மையை முதலில் பாருங்கள். திறந்த வெளியில் பயன்படப்போகும் கருவிக்கு ஐ.பி. 55 அல்லது அதற்கு மேற்பட்ட தரக்குறியீடு இருப்பது நல்லது. குரல் வழிகாட்டல் உங்கள் உறுப்பினர்களுக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா, நெஞ்சழுத்தத்தின் தாளத்தைக் கருவி ஒலித்துக் காட்டுகிறதா, குழந்தைகளுக்கென்று தனி பேட்டோ மாற்று விசையோ உண்டா என்பவற்றையும் கேளுங்கள். முழுத் தானியங்கிக் கருவி தானே அதிர்வைச் செலுத்தும். பகுதித் தானியங்கிக் கருவி பொத்தானை அழுத்தச் சொல்லும். இரண்டும் நன்றாகவே வேலை செய்யும்.

கருவியை எங்கே வைக்க வேண்டும்?

நான் செயலாளராக இருந்த ஒரு சங்கத்தில், கருவி வந்த சில மாதங்களுக்குப் பிறகு ஒரு மாலை ஒத்திகை பார்த்தோம். மைதானத்தின் மறுகோடியில் ஓர் இளைஞரைப் படுக்க வைத்து, கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்களில் வேகமாக ஓடக்கூடியவரைக் கருவியை எடுத்துவர அனுப்பினோம். அலுவலக அறை பூட்டியிருந்தது. ஒரு சாவி பொருளாளரிடம் இருந்தது, அவர் அன்று வரவில்லை. இன்னொன்று என் பையில் இருந்தது, பையோ வாகனத்துக்குள் இருந்தது. ஏழாவது நிமிடத்தில் கருவி வந்து சேர்ந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. விலை உயர்ந்த பொருள் என்பதால் பூட்டி வைக்கச் சொன்னவனே நான்தான். மறு வாரமே அதை வெளிச்சுவருக்கு மாற்றினோம்.

2000-ல் வெளியான ஓர் ஆய்வு அமெரிக்கச் சூதாட்ட விடுதிகளில் காவலர்களுக்கு ஏ.இ.டி. பயிற்சி கொடுத்ததன் விளைவைப் பதிவு செய்தது. பிறர் கண்ணெதிரே விழுந்து, இதயத்தில் அந்த நடுக்கம் கண்டறியப்பட்டவர்களில், மூன்று நிமிடத்துக்குள் முதல் அதிர்வு கிடைத்தவர்களில் 74 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு கிடைத்தவர்களில் 49 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அந்தக் காவலர்கள் மருத்துவர்கள் அல்லர் என்பதை உங்கள் உறுப்பினர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆகவே, ஆடுகளத்தின் எந்த மூலையிலிருந்தும் போய்த் திரும்ப மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகாத இடமே சரியான இடம். கட்டடத்தின் வெளிப்புறச் சுவரில், நிழலும் இரவு வெளிச்சமும் உள்ள பக்கத்தில், பூட்டாத பெட்டியில் வையுங்கள். கொளுத்தும் வெயிலும் உறைபனியும் பேட்டரியையும் பேட்களையும் கெடுக்கும் என்பதால் வாகனத்துக்குள் விட்டுவிடாதீர்கள். அவசர உதவி மையத்திலோ பொதுப் பதிவேட்டிலோ கருவியின் இருப்பிடத்தைப் பதிவு செய்யும் வசதி உங்கள் பகுதியில் இருந்தால் உடனே பதிவு செய்யுங்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் விழும்போது அவசர எண்ணில் பேசுபவர் உங்கள் கருவியைச் சுட்டிக்காட்டுவதற்கு அதுதான் வழி.

பூட்டாமல் வைத்தால் திருடு போகாதா?

போகலாம். திறந்தால் ஓசை எழுப்பும் பெட்டி, கண்காணிப்புக் கேமரா, காப்பீடு ஆகியவற்றால் அந்த ஆபத்தைக் குறைக்கலாம். எண்பூட்டுப் பெட்டியை மானிய விதியே கேட்டால், அந்த எண் அவசர உதவி மையத்துக்கும் எல்லா அணித் தலைவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். களவு போன கருவியை மறுபடி வாங்கிக்கொள்ளலாம் என்பதை நிர்வாகக் குழுவில் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

பயிற்சி இல்லாதவர் கையாண்டால் தவறு நேர்ந்துவிடாதா? வழக்கு வருமா?

ஏ.இ.டி. முதலில் இதயத்தின் தாளத்தை ஆராய்கிறது. அதிர்வு தேவையில்லாத இதயத்துக்கு அது அதிர்வு கொடுக்காது. பெட்டியைத் திறந்து இயக்கிவிட்டு அது சொல்வதைச் செய்தால் போதும். விழுந்தவர் அழைத்தால் பதில் தராமலும் இயல்பாக மூச்சு விடாமலும் இருந்தால் கருவியைப் பயன்படுத்தலாம். இடைவெளி விட்டு விட்டு வரும் கேவல் போன்ற மூச்சு இயல்பான மூச்சு ஆகாது. அதைப் பார்த்து, மூச்சு இருக்கிறதே என்று காத்திருப்பதுதான் மிகவும் துயரமான தவறு. கருவி வரும்வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நல்லெண்ணத்தோடு அவசர உதவி செய்பவரைப் பாதுகாக்கும் சட்டம் பல நாடுகளில் உண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்தின் ஒரு வரியை அச்சிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினால் தயக்கம் குறையும். அதற்காகப் பயிற்சி தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சி கற்றுத் தருவது பொத்தான்களை விடத் துணிச்சலை. பயிற்சியாளர்களையும் அணித் தலைவர்களையும் மட்டும் அனுப்பாமல், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தவறாமல் வரும் பெற்றோரையும் சிற்றுண்டி விற்பவரையும் அனுப்புங்கள்.

மழையில், குழந்தைக்கு, பெண்ணுக்குப் பயன்படுத்தலாமா?

மூன்றுக்கும் விடை, பயன்படுத்தலாம் என்பதுதான். மழையில் தேங்கிய நீரிலிருந்து ஆளை நகர்த்தி, நெஞ்சைத் துடைத்து உலர்த்திய பிறகு பேட்களை ஒட்ட வேண்டும். எட்டு வயதுக்கு அல்லது 25 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்குக் குழந்தை பேட் ஏற்றது. அது இல்லையென்றால் பெரியவர்களுக்கான பேட்களை, ஒன்றையொன்று தொடாதபடி, ஒன்றை நெஞ்சிலும் மற்றொன்றை முதுகிலும் ஒட்டலாம். பெண் விழுந்தால் ஆடையை விலக்கத் தயங்கி நேரத்தை இழப்பது பல நாடுகளில் கவனிக்கப்பட்ட உண்மை. பேட் வெற்றுத் தோலில்தான் ஒட்ட வேண்டும். சுற்றிலும் ஆட்களை வெளிப்பக்கம் பார்த்து நிற்கச் செய்து மறைப்பு ஏற்படுத்தலாம் என்பதைப் பயிற்சியின்போதே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். பெட்டிக்குள் ஒரு கத்தரிக்கோல், ஒரு துண்டு, ஒரு சவர அலகு இருக்கட்டும்.

பராமரிப்பை யாரிடம் ஒப்படைப்பது?

ஒரே ஒருவரிடம், பெயர் குறிப்பிட்டு ஒப்படையுங்கள். அவர் ஊரில் இல்லாதபோது செய்ய இன்னொருவரும் வேண்டும். "நிர்வாகக் குழு பார்த்துக்கொள்ளும்" என்று எழுதிய இடத்தில் யாரும் பார்ப்பதில்லை. பல கருவிகள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டு ஒரு சிறு விளக்கால் நிலையைக் காட்டும். அந்த விளக்கைப் பார்ப்பதற்கும், பேட் உறையில் அச்சிட்ட காலாவதித் தேதியைப் படிப்பதற்கும், பதிவேட்டில் கையொப்பமிடுவதற்கும் மாதத்துக்கு இரண்டு நிமிடம் போதும்.

மானியம் பெற்ற பின் என்ன கணக்குக் காட்ட வேண்டும்?

அசல் பற்றுச்சீட்டுகள், கருவியின் வரிசை எண், பொருத்திய இடத்தின் புகைப்படம், பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்த தேதிக்குள் அனுப்பும்படி கேட்பார்கள். தேதி தவறினால் அடுத்த மானியங்களுக்கும் தகுதி இழக்க நேரிடலாம்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிதி தீர்ந்துபோனது காரணமென்றால் அடுத்த சுற்றுக்கு அதே விண்ணப்பத்தைப் புதிய எண்களோடு அனுப்பலாம். இடைப்பட்ட காலத்தில் உள்ளாட்சி மன்றம், விளையாட்டின் மாநில அல்லது தேசியக் கூட்டமைப்பு, இதயநலத் தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றை அணுகுங்கள். கருவி வரும்வரை காத்திருக்காமல் நெஞ்சழுத்தப் பயிற்சியை இப்போதே நடத்துங்கள். அதற்கு மானியம் தேவையில்லை.

கருவி ஒருமுறை பயன்படுத்தப்பட்டுவிட்டது. இனி என்ன செய்ய வேண்டும்?

பேட்கள் ஒருமுறை மட்டுமே பயன்படும் என்பதால் அன்றைக்கே புதியவற்றுக்குச் சொல்லிவிடுங்கள்; உபரியாக ஓர் இணை எப்போதும் பெட்டியில் இருப்பது நல்லது. கருவி பதிவு செய்து வைத்திருக்கும் இதயத் துடிப்புத் தகவல் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு உதவும், ஆகவே அதை அழிந்துவிடாமல் எடுத்துத் தர விற்பனையாளரிடமோ ஆம்புலன்ஸ் சேவையிடமோ கேளுங்கள். மானியம் வழங்கிய துறைக்கும் தெரிவியுங்கள்.

பிறகு, மண்டியிட்டு நெஞ்சை அழுத்தியவரையும் கருவியோடு ஓடி வந்தவரையும் மறு நாளே போய்ப் பாருங்கள். விழுந்தவர் பிழைத்திருந்தாலும் பிழைக்காவிட்டாலும், அவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோமோ என்று அவர்கள் பல நாள் தங்களையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். வேண்டுமானால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பையும் சங்கமே ஏற்க வேண்டும். அதற்கான ஒரு வரியைப் பாதுகாப்புத் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.